முகத்துவாரத்திலிருந்து அம்பத்தலே வரை: களனி கங்கைக் கரையில் இயற்கையையும் தொழில் மரபையும் பார்ப்பது எப்படி?

கொட்டாஞ்சேனைப் பகுதியில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், மாணவர்களைக் களனி கங்கைக் கரையோரமாக நடத்திச் சென்று இயற்கையையும் பழைய தொழில் மரபையும் ஒருசேரக் காட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறார். ஐரோப்பிய நகரங்களில் பழைய ஆலைகளையும் மதகுகளையும் இணைத்து ஆற்றோர நடைபாதைகள் அமைத்திருப்பதைப் படித்ததாகவும், கொழும்பில் காட்டுவதற்கு அப்படி எதுவும் எஞ்சவில்லை என்று சக ஆசிரியர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறார். நிறையவே எஞ்சியிருக்கிறது என்பதே என் பதில். ஆனால் புகைபோக்கிகளையும் செங்கல் ஆலைகளையும் மட்டும் தேடிக்கொண்டு போனால் ஏமாற்றந்தான் கிடைக்கும். கொழும்பின் ஆகப் பெரிய தொழில் மரபு நீரை ஆண்ட மரபாகும். கால்வாய், மதகு, வெள்ளத்தடுப்பு அணை, நீர்மட்ட அளவுகோல், குடிநீர் எடுக்கும் நிலையம் ஆகிய இவையெல்லாம் இன்றும் கரையில் நிற்கின்றன. பெரும்பாலானவை இன்றும் வேலை செய்கின்றன. வேலை செய்துகொண்டிருப்பதால்தான் அவற்றை மரபு என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நடைக்கு முன்பு மாணவர்கள் மனதில் ஒரு படம் இருக்க வேண்டும். களனி கங்கை சிவனொளிபாதமலைத் தொடரில் பிறந்து 145 கிலோமீற்றர் ஓடிக் கடலில் சேர்கிறது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கித்துல்கலைக்கு மேலே ஒன்றுசேரும் இடத்திலிருந்துதான் அதற்குக் களனி என்ற பெயர். மேல்பகுதியில் சில இடங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவுக்கு மழை பெய்கிறது. அந்த நீர் மலைச்சரிவில் பாய்ந்து வந்து, ஹங்வெல்லைக்குக் கீழே ஏறக்குறையச் சரிவே இல்லாத தட்டைச் சமவெளியில் இறங்குகிறது. மலையில் வேகம், சமவெளியில் தேக்கம் என்ற இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால், நீங்கள் பார்க்கப்போகும் ஒவ்வொரு கட்டுமானமும் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பது விளங்கிவிடும்.

தொடர்ச்சியான நடைபாதை என்று ஒன்று கிடையாது. கரையோர வீதி, அணையின் மேற்பகுதி, பாலம், மீண்டும் வீதி என்று துண்டு துண்டாகத்தான் போகவேண்டும். முழுத் தூரத்தையும் ஒரே நாளில் நடப்பது மாணவர்களுக்குக் கடினம். ஆகவே முகத்துவாரத்திலிருந்து கிராண்ட்பாஸ் வரை நடையாகவும், அதற்கு அப்பால் பஸ்ஸிலும் போவது நல்லது.

மட்டக்குளியில், காக்கைத்தீவுக் கடற்கரையில் தொடங்குங்கள். ஆறு கடலைச் சந்திக்கும் இடத்தைக் கண்ணால் காணாமல் ஆற்றைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. மலைநாட்டில் மழை பெய்த மறுநாட்களில் போனால், செம்மண் நிறத்தில் வரும் ஆற்றுநீரும் பச்சை நிறக் கடல்நீரும் கலக்காமல் சிறிது தூரம் அருகருகே நகர்வதைக் காணலாம். அந்தச் செம்மண்ணில் ஒரு பகுதி தேயிலைத் தோட்டச் சரிவுகளிலிருந்து வந்தது. மலையகத்தில் உறவுகள் உள்ள பிள்ளைகள் உங்கள் வகுப்பில் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். குளிர்காலப் புலம்பெயர் பறவைகள் தங்கும் மாதங்களில் ஆலாக்களும் கடற்காகங்களும் மணல்திட்டில் கூட்டமாக அமர்ந்திருக்கும். ஆண்டு முழுவதும் நீர்க்காகமும் கொக்கும் மீன்கொத்தியும் இருக்கும்.

இங்கே நின்று மணலைப் பற்றியும் பேச வேண்டும். ஆறு கொண்டுவரும் மணலைக் கடல்நீரோட்டம் வடக்கே தள்ளிச் சென்று, ஹெந்தளை, உஸ்வெட்டகெய்யாவ வழியாக நீர்கொழும்பு வரையுள்ள கரைக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தது. கட்டடங்களுக்காக ஆற்றுப்படுகையில் மணல் அள்ளத் தொடங்கியபின் அந்த வரத்துக் குறைந்தது, கரை அரிக்கப்பட்டது, கருங்கல் குவித்துக் கரையைக் காக்கவேண்டிய நிலை வந்தது. வீடு கட்ட எடுத்த மணலுக்கான விலையைக் கடற்கரையில் வீடு வைத்திருந்தவர்கள் கொடுத்தார்கள். இதே மணல் அள்ளல் அம்பத்தலேயில் வேறொரு விதமாகத் திரும்பி வருவதை நடையின் முடிவில் காண்பீர்கள்.

முகத்துவாரத்துக்கு எதிர்க்கரையில், ஹெக்கித்தையில் ஹமில்டன் கால்வாய் தொடங்குகிறது. 1802க்கும் 1804க்கும் இடையில் பிரித்தானியர் வெட்டிய இக்கால்வாய், 14.5 கிலோமீற்றர் ஓடிப் பமுனுகமவை அடைகிறது. முத்துராஜவெல என்ற பெரிய சதுப்பு நிலம் முன்னொரு காலத்தில் நெல்விளையும் வயலாக இருந்தது. கடல்நீர் புகுந்து அது உவராகிப்போனபின், உப்புநீரை வடித்து மீண்டும் வயலாக்கும் நோக்கத்துடன் இக்கால்வாய் வெட்டப்பட்டது. நோக்கம் நிறைவேறவில்லை, வற்றுப்பெருக்கு, அதாவது கடல்மட்டம் அன்றாடம் ஏறி இறங்குவது, கால்வாய் வழியாகவே உள்ளே வந்து போனது. ஆனால் வயலாகாமல் போன அந்த நிலத்தில்தான் சதுப்புக்காடும் நாணற்புல்லும் நீர்ப்பறவையும் பெருகின. 1996இல் அதன் ஒரு பகுதி சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பொறியியல் தோல்வி ஒன்று இயற்கைச் சொத்தாக மாறிய இடம் என்று இதை மாணவர்களுக்குச் சொல்லத் தயங்க வேண்டாம். நேரமிருந்தால் வத்தளைப் பக்கம் சென்று கால்வாய்க்கரையில் அரைமணி நேரம் நடக்கலாம்; கரையில் கட்டியிருக்கும் மீன்பிடிப் படகுகள், நேர்கோடாக நீண்டு செல்லும் நீர் ஆகியவற்றிலிருந்து இது இயற்கையான ஓடை அன்று என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

திரும்பித் தென்கரைக்கு வந்து, முகத்துவாரம் வழியாகக் கிராண்ட்பாஸை நோக்கி நடக்கும்போது கோவில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் அடுத்தடுத்து வரும். துறைமுகத்துக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதியில் சுமைதூக்கியும் படகோட்டியும் வண்டியோட்டியும் வாழ்ந்த பலதரப்பட்ட மக்கள் கட்டியவை அவை. அவற்றையும் தொழில் மரபின் ஒரு பகுதியாகவே நான் எண்ணுகிறேன்.

கிராண்ட்பாஸ், நாகலகம் வீதி முனைதான் இந்த நடையின் இதயம். நேரத்தில் பாதியை இங்கே செலவிட்டாலும் தகும். பழைய காலத்தில் கொழும்பிலிருந்து ஆற்றைக் கடக்கும் துறை இதுவே. 1820களில், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கண்டி வீதி அமைக்கப்பட்டபோது, இத்துறையில் படகுகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகை பரப்பிப் படகுப் பாலம் ஒன்று போடப்பட்டது. வெள்ளம் வந்தால் பாலமும் நீரோடு சேர்ந்து உயரும்; ஆற்றில் படகுகள் போக வேண்டுமானால் நடுப்பகுதியைத் திறந்துவிடலாம். மலைநாட்டுக் கோப்பி மாட்டுவண்டிகளில் இறங்கி வந்தது இப்பாலத்தின் மேல்தான். 1895இல் அதற்குப் பதிலாக விக்டோரியா பாலம் என்ற இரும்புப் பாலம் வந்தது; 1959இல் களனிப் புதிய பாலம் திறக்கப்பட்டது; 2021 நவம்பரில் வடங்கள் தாங்கும் கல்யாணிப் பாலம் திறக்கப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்குள் மரப்படகு, இரும்பு, கொங்கிறீட், உருக்கு வடம் என்று பாலப் பொறியியலின் முழு வரலாறும் ஒரே துறையைச் சுற்றி நடந்திருக்கிறது. ஆற்றைக் கடக்க வசதியான இடம் எது என்பதை முதலில் கண்டவர்கள் ஓடக்காரர்கள். பின்வந்த பொறியியலாளர் அனைவரும் அவர்கள் காட்டிய இடத்துக்கு அருகிலேயே அடித்தளம் போட்டார்கள்.

சென் செபஸ்தியன் கால்வாய் ஆற்றைச் சேரும் இடமும் இதே பகுதிதான். பேர வாவியை இக்கால்வாய் களனியுடன் இணைக்கிறது; ஒல்லாந்தர் காலத்து நீர்வழி வலையமைப்பின் ஒரு கண்ணி இது. தட்டையான அடியும் ஓலைக்கூரையும் கொண்ட பாரப்படகுகள் தேங்காய், கொப்பரை, காரீயம் (பென்சிற்கரி), ஓடு, விறகு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு இவ்வழியே நகருக்குள் வந்தன. மேல்நாட்டுப் பொருளும் ஆற்றுவழியே வந்தது: யட்டியாந்தோட்டை, ருவன்வெல்லப் பகுதிகளின் விளைபொருள்கள் படகில் இறங்கின. 1902இல் அவிசாவளை வரையும் அடுத்த ஆண்டு யட்டியாந்தோட்டை வரையும் களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய ரயில்பாதை திறக்கப்பட்டபின் அந்தப் படகுத் தொழில் மெல்ல ஒடுங்கியது.

கால்வாய் ஆற்றைச் சேரும் வாயிலில் உள்ள மதகுக் கதவுகளை மாணவர்கள் அருகில் நின்று கவனிக்கட்டும். கதவின் இருபுறத்திலும் நீர்மட்டம் வெவ்வேறாக இருப்பதே கவனிக்கவேண்டிய செய்தி. சாதாரண நாட்களில் நகரின் மழைநீரும் கழிவுநீரும் இவ்வழியாக ஆற்றுக்குள் வடிய வேண்டும். ஆறு பெருகினால் அதே கதவை மூட வேண்டும், இல்லாவிட்டால் ஆறு நகருக்குள் ஏறிவிடும். மூடினாலோ நகரில் பெய்யும் மழைநீருக்கு வடிய இடமில்லாமல் அது தேங்கும்; அப்போது இறைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். கொழும்பு வடக்கில் சிறு மழைக்கும் ஏன் வீதியில் தண்ணீர் நிற்கிறது என்று பிள்ளைகள் கேட்டால், விடையின் பெரும்பகுதி இந்தக் கதவில் இருக்கிறது. நீரின் மேல் பச்சைப் பாய் விரித்தாற்போல் ஆகாயத்தாமரை அடர்ந்திருந்தால் அதையும் காட்டுங்கள். அழகுச் செடியாக 1905இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட அது, நான்கே ஆண்டுகளில், 1909இல், சட்டமியற்றி ஒழிக்கவேண்டிய களையாகிவிட்டது. ஊதாப்பூ அழகாகத்தான் இருக்கிறது. அடியில் உள்ள நீருக்கு ஒளியும் உயிர்வளியும் கிடைப்பதில்லை.

அடுத்து நாகலகம் வீதி நீர்மட்ட அளவுகோல். வெள்ளக் காலங்களில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இப்பெயரைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்த இடத்தைப் பார்த்தவர்கள் குறைவு. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் மற்ற அளவீட்டு நிலையங்கள் மீற்றரில் பேசும்போது, நாகலகம் வீதி மட்டும் இன்றும் அடியில் பேசுகிறது. 4 அடி எச்சரிக்கை, 5 அடி சிறுவெள்ளம், 7 அடி பெருவெள்ளம். நீண்டகாலப் பதிவுகளை ஒரே அலகில் ஒப்பிட முடிவதால் இந்தப் பழைய அடிக்கணக்கு பயனுள்ளது என்பது என் கருத்து. கொழும்பு கண்ட பெருவெள்ளங்களில் 1947, 1989, 2016 ஆண்டுகளின் வெள்ளங்கள் எல்லாம் இந்த அளவுகோலின் மொழியிலேயே நினைவுகூரப்படுகின்றன. இங்கே மாணவர்கள் கணித வகுப்பில் கற்க முடியாத ஒன்றைக் கற்பார்கள்: கித்துல்கலையில் பெய்த மழை ஹங்வெல்லையைக் கடந்து இங்கே வந்துசேர நேரமெடுக்கும்; அந்த இடைவெளிதான் மக்களை வெளியேற்றக் கிடைக்கும் அவகாசம். மேலே மழை நின்று வெயில் அடித்தபின்பும் வெல்லம்பிட்டியில் நீர் ஏறிக்கொண்டிருப்பதன் காரணமும் இதுவே.

ஆற்றின் இருகரையிலும் உள்ள வெள்ளத்தடுப்பு அணைகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தவை. புல் மூடிய மண்மேடு போலத் தோன்றும் இவற்றின் மேல் பல இடங்களில் இன்று வீதியே ஓடுகிறது. தாம் அணையின் மேல் போகிறோம் என்பது பஸ்ஸில் இருப்பவருக்குத் தெரியாது. சேதவத்தைப் பக்கம் அணையின் மேல் நின்று இருபுறமும் பார்க்கச் சொல்லுங்கள். ஒருபுறம் அணை காக்கும் நகரம். மறுபுறம் அணைக்கும் ஆற்றுக்கும் நடுவே, காப்பில்லாத நிலத்தில் கட்டிய வீடுகள். சுவரில் இடுப்பளவில் ஒரு பழுப்புக் கோடு, அதற்கு மேல் மங்கலாக இன்னொன்று என்று ஒவ்வொரு வெள்ளமும் தன் உயரத்தை எழுதி வைத்திருக்கும். நகரத்தைக் காத்த அணை இவர்களை ஆற்றின் பக்கம் விட்டுவிட்டது. அங்குள்ளவர்கள் காட்சிப்பொருள் அல்லர் என்பதை மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, அனுமதி கேட்காமல் யாருடைய வீட்டையும் படமெடுக்க விடாதீர்கள். பெரியவர்கள் எவரேனும் பேச முன்வந்தால் கேளுங்கள். எந்த வெள்ளத்தில் எந்தப் படி வரை நீர் வந்தது என்று அவர்கள் சொல்வது ஆவணங்களில் இல்லாத தகவல்.

தொழிற்சாலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிராண்ட்பாஸில் 1938 முதல் சவர்க்காரத் தொழிற்சாலை ஒன்று பல பத்தாண்டுகள் இயங்கியது. தேங்காய் எண்ணெயும் நீர்வழியும் துறைமுகமும் ஒருசேரக் கிடைத்த இடம் அது. களனிதிஸ்ஸ அனல்மின் நிலையம் 1960களில் ஆற்றோரம் எழுந்தது. அனல்மின் நிலையத்துக்குக் குளிர்விக்க நீர் வேண்டும் என்பதே காரணம். கொலன்னாவ எண்ணெய்க் களஞ்சியம் துறைமுகத்துடன் குழாய்வழியே இணைக்கப்பட்டது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது கொலன்னாவையும் தப்பவில்லை. வடகரையில் இன்னும் மேலே சப்புகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் 1969இல் இயங்கத் தொடங்கியது. இவற்றில் எதனையும் வெளியிலிருந்து மட்டுமே பார்க்க முடியும், படமெடுக்கக் கூடாது.

ரயில் பாலத்தை மட்டும் தவறவிடாதீர்கள். தெமட்டகொடைக்கும் களனிக்கும் இடையில் பிரதான பாதை ஆற்றைக் கடக்கிறது. 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ சென்ற முதல் ரயில் இவ்வழியே ஆற்றைக் கடந்தது. மூன்றாண்டுகளில் பாதை கண்டியை எட்டியது. கோப்பித் தோட்டக்காரர்களின் நெருக்குதலால் போடப்பட்ட பாதை அது. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட துறைமுக அலைத்தடுப்புச் சுவருக்கான கருங்கல் மஹரவில் சிறைக்கைதிகளைக் கொண்டு உடைக்கப்பட்டு, ரயிலில் இந்த ஆற்றைத் தாண்டியே துறைமுகத்துக்குப் போனது. இன்று காலிமுகத்திடலிலிருந்து துறைமுகத்தைப் பார்த்து வியப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கைதிகளின் உழைப்பு நினைவுக்கு வரும்!

வடகரையில் களனி ரஜமஹா விகாரை இருக்கிறது. அங்குள்ள விபீஷணர் சன்னதியைத் தமிழ் மாணவர்கள் ஆர்வத்துடன் பார்ப்பார்கள். களனிதிஸ்ஸ மன்னன் செய்த பாவத்தால் கடல் பொங்கி நாட்டை விழுங்கியது என்று மகாவம்சம் கூறும் கதையும் இவ்விடத்துக்கு உரியது. தாழ்நிலத்தில் வாழ்ந்த மக்களின் வெள்ள நினைவு அக்கதைக்குள் படிந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. விகாரையில் இருந்து பேலியகொடைக்குத் திரும்பினால் மீன் சந்தையும், 2020இல் புறக்கோட்டையிலிருந்து இடம்பெயர்ந்த மெனிங் மரக்கறிச் சந்தையும் வரும். பழைய ஆற்றுத்துறையின் வணிகம் வேறு உருவில் மறுகரைக்குத் திரும்பியிருக்கிறது என்று இதைச் சொல்லலாம்.

நடையின் கடைசி இடம் அம்பத்தலே. கொழும்பும் சுற்றுப்புறமும் குடிக்கும் நீரின் பெரும்பகுதி இங்கே களனியிலிருந்து எடுக்கப்படுகிறது. இதற்கு முன்பிருந்த ஏற்பாடு லபுகம நீர்த்தேக்கம். 1880களில் பிரித்தானியர் களனியின் கிளையான வாக் ஓயாவை மறித்துக் கட்டியது. நகரம் வளர்ந்தபின் கிளை போதவில்லை. ஆற்றையே நம்ப வேண்டியதாயிற்று. ஆற்றின் நீரை எடுக்கும் இடம் கடலிலிருந்து வெகு தொலைவில் இல்லை என்பதுதான் சிக்கல். கொழும்பில் வற்றுப்பெருக்கின் வீச்சு ஒரு மீற்றருக்கும் குறைவு; ஆயினும் மணல் அள்ளியதால் படுகை ஆழமாகி, கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்ட இடங்களில், வறட்சிக் காலத்தில் ஆற்றின் ஓட்டம் நலியும்போது உப்புநீர் அடியால் ஊர்ந்து மேலே வருகிறது. உப்புநீர் கனமானதால் அது அடியில் ஆப்புப் போல் நுழைகிறது. மேலே நன்னீர் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. அதைத் தடுக்க வறட்சி தோறும் ஆற்றுக்குக் குறுக்கே மண்மூட்டைகளை அடுக்கவேண்டியிருந்தது. முகத்துவாரத்தில் பேசிய மணல் இங்கே குடிநீர்க் குழாயில் உப்பாக வந்து நிற்கிறது. ஒரே செயலுக்கு ஆற்றின் இரு முனைகளிலும் இரு விளைவுகள் என்ற இந்தப் பாடத்துக்காகவே நடையை முகத்துவாரத்தில் தொடங்கச் சொன்னேன்.

ஆற்றுக்கும் நகருக்கும் இடையிலுள்ள சதுப்பு நிலங்களையும் விட்டுவிட முடியாது. வெள்ளநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் அவை கொழும்பின் கட்டணமில்லாத நீர்த்தேக்கங்கள். 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சார் சாசனத்தின் கீழ் ஈரநில நகரங்களாக முதன்முதல் அங்கீகாரம் பெற்றவற்றுள் கொழும்பும் ஒன்று. மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் கபரகொய்யா என்ற நீர் உடும்பும் தலைநகர் எல்லைக்குள் இன்றும் வாழ்கின்றன. அதே சதுப்பின் ஓரத்தில்தான் மீதொட்டமுல்லக் குப்பைமலை 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், சரிந்து வீடுகளை மூடிப் பலரைப் பலிகொண்டது. சதுப்பை வெறும் நிலமாகக் கருதியதன் விளைவு அது. இதை மாணவர்களிடம் மறைக்கத் தேவையில்லை.

நடைமுறை விடயங்கள் சில. ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரையுள்ள மழை குறைந்த காலத்தில், காலை ஆறரை மணிக்கே தொடங்குங்கள். பத்து மணிக்குப் பிறகு அணையின் மேல் நிழல் கிடையாது. மே, ஜூன், ஒக்டோபர், நவம்பர் மாதங்களைத் தவிருங்கள். கரையில் தேங்கிய நீரில் எவரும் கால்வைக்கக் கூடாது. எலிக்காய்ச்சல் ஆபத்து உண்மையானது, முதலை நடமாட்டமும் இந்த ஆற்றில் உண்டு. மதகு, அளவுகோல் ஆகியவற்றை அருகில் பார்க்க நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும், அம்பத்தலேக்குள் நுழையத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும் அதிபர் ஊடாக முன்கூட்டியே எழுத்தில் விண்ணப்பியுங்கள். போவதற்கு முன்பு ஒரு வாரம், ஹங்வெல்லை, நாகலகம் வீதி ஆகிய இரு நிலையங்களின் அன்றாட நீர்மட்டத்தைத் திணைக்களத்தின் வெள்ள அறிக்கைகளிலிருந்து மாணவர்கள் குறித்துவரட்டும். அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு அளவுகோலின் முன் நின்று, அன்றைய அளவைத் தாங்களே வாசித்து எழுதட்டும்.